கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களின் பை பற்றி ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து தெற்கே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வெளிக்கிட்ட செய்தியைப் போன கிழமை உங்கள் பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தீர்கள். முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் போகிறார், அவருக்குப் பின்னால் வரிசையில் ஒரு அம்மா வருகிறார், தலையில் ஒரு பொதி, தோளில் ஒரு பை, கையில் 5 லீற்றர் தண்ணீர்க் கான். நான் அந்த அம்மாவைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்நிதியில் இருந்து கதிர்காமம் வரை முழுதாக நடக்க ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும், அந்தப் பொதியோடு அவர் எதுவரைக்கும் போவார் என்று நினைக்கவே நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் இந்தப் பாதையில் பாதியில் திரும்புகிறவர்களில் நான் கண்ட பலரும் கால் நொந்து திரும்பவில்லை, சுமை தாங்காமல்தான் திரும்பினார்கள். அதைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நான் வவுனியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஒரேயடியாக ஏழெட்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. அதனால் இந்தப் பாதையை ஐந்து துண்டாக, ஐந்து வருஷத்தில் நடந்து முடித்தேன். 2016 இல் சந்நிதியில் இருந்து வற்றாப்பளை அம்மன் கோயில் வரை, அடுத்த வருஷம் முல்லைத்தீவில் இருந்து திருகோணமலை, 2018 இல் திருகோணமலையில் இருந்து மட்டக்களப்பு. பிறகு சில வருஷம் போக முடியவில்லை. 2023 இல் மட்டக்களப்பில் இருந்து பொத்துவில், 2024 இல் பொத்துவிலில் இருந்து உகந்தை, அங்கிருந்து காட்டு வழியாகக் கதிர்காமம். எல்லா வருஷமும் என்னோடு வந்தது என் மச்சாளும், இப்போது 64 வயதாகிற எங்கள் சின்னம்மாவும். துண்டு துண்டாக நடப்பது யாத்திரையா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். மட்டக்களப்பில் வந்து சேருகிறவர்கள், திருக்கோவிலில் சேருகிறவர்கள், உகந்தையில் சேர்ந்து காட்டை மட்டும் நடக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களையும் எல்லாரும் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்படி நடக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எங்கே தொடங்குவது என்று பார்க்காதீர்கள், எங்கே நிறுத்துவது என்று பாருங்கள். தொடங்குகிற இடத்துக்குப் போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும், பஸ் பிந்தினாலும் சமாளிக்கலாம். முடிக்கிற இடத்தில் கால் கொப்பளித்து, உடுப்பெல்லாம் வியர்வையும் புழுதியுமாக நிற்கும்போது வீட்டுக்கு பஸ் இல்லை என்றால் பெரிய கஷ்டம். முதல் வருஷம் எங்களுக்கு அது லேசாக அமைந்தது, முல்லைத்தீவில் இருந்து வவுனியாவுக்கு நேரே பஸ் இருக்கிறது. இரண்டாம் வருஷம் புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று கடற்கரையை ஒட்டி வருகிற வழி. லீவு முடிகிறதே என்று இடையில் எங்காவது நிறுத்தப் பார்த்தோம், சின்னம்மாதான் இன்னும் இரண்டு நாள் நடந்தால் திருகோணமலைக்கே போய்விடலாம், அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு பஸ் எடுக்கலாம் என்றார். அவர் சொன்னதுதான் சரியாக வந்தது. மூன்றாம் வருஷம் மட்டக்களப்பில் முடித்தோம். இரவு ரயிலில் ஏறி நடுச்சாமத்தில் மாகோவில் இறங்கி, வடக்கே போகிற ரயிலுக்காக விடிய விடிய மேடையில் பையில் தலை வைத்துக் காத்திருந்தோம். வரைபடத்தில் வவுனியாவும் மட்டக்களப்பும் அவ்வளவு தூரமில்லை, ஆனால் தண்டவாளம் மாகோ வரை இறங்கித்தான் திரும்ப ஏறுகிறது. இதையெல்லாம் வீட்டில் இருந்தே பார்த்து வைத்திருந்தால் அந்த இரவு தப்பியிருக்கும்.

சரி, பைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் என் பையை எங்கள் கடையில் ஆட்கள் நிறை பார்க்கிற மெசினில் வைத்தேன். 11 கிலோ. ஆறு சோடி உடுப்பு, இரண்டு பெட்சீட், ஒரு சின்னத் தலையணை, சவர்க்காரக் கட்டி நாலு, ஷாம்பு போத்தல், அரிசி, சீனி, ஊறுகாய்ப் போத்தல், அதுவும் கண்ணாடிப் போத்தல். மூன்றாம் நாள் தோள்பட்டையில் பைப் பட்டி உரசிய இடம் வெந்த மாதிரிச் சிவந்து, சட்டை பட்டாலே எரிந்தது. அன்றைக்கு தங்கிய கோயில் மண்டபத்தில் ஒரு வயதான சாமி என் பையைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைத்து, "இதை நேற்று எடுத்தீங்களா பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றதை எல்லாம் ஒரு பக்கம் வைத்தார். அந்தப் பக்கம்தான் பெரிய குவியல். அடுத்த நாள் காலை அந்தக் குவியலை ஒரு சாக்கில் கட்டி, வவுனியாவுக்குத் திரும்புகிற ஒரு குடும்பத்தின் வானில் அனுப்பிவிட்டேன். மீதி 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அன்றைக்குப் பின்னேரம் நடந்த நடையும் அதற்கு முதல் நாள் நடந்த நடையும் ஒன்றே இல்லை.

பிறகு வந்த வருஷங்களில் நான் கண்டது, எல்லாத் துண்டுக்கும் ஒரே பை கட்டக்கூடாது. மட்டக்களப்பில் இருந்து கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று போகிற துண்டில் கடையில்லாத இடமே இல்லை. அன்னதானம் வேறு, கோயிலுக்குக் கோயில் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள், தெருவில் நின்று மோர் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்தத் துண்டுக்கு அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு போவது வீண். மாற்ற இரண்டு சோடி உடுப்பு, ஒரு மெல்லிய பெட்சீட், நிலத்தில் விரிக்க ஒரு றப்பர் சீட், தட்டு, கோப்பை, டோர்ச், மருந்துப் பை, அவ்வளவு போதும். 4 கிலோவைத் தாண்டாது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் அப்படி இல்லை. மூதூர் தாண்டி வெருகல், வாகரை பக்கம் கடைகள் தூரத் தூர இருக்கின்றன, வெயிலும் கடும் வெயில், ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீராவது எப்போதும் கையில் வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பையை மட்டும் நிறை பார்த்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

மருந்துக் கடைக்காரி என்பதால் இதையும் சொல்கிறேன். ஜீவனி பைக்கற், அதுதான் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள், ஆளுக்கு ஐந்தாவது எடுங்கள், அதில் பாரமே இல்லை. பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர்கள் நடக்கிற நாளுக்கு மேல் நாலு நாளுக்கான குளிசையைச் சேர்த்து எடுங்கள், அதைப் பெரிய பையில் போடாமல் உடம்போடு இருக்கிற சின்னப் பையில் வையுங்கள். நான் ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால் 2018 இல் எங்களுக்கு நடந்தது அப்படி.

அந்த வருஷம் திருகோணமலையில், பாரம் குறையட்டும் என்று மூன்று பேரின் மேலதிக உடுப்பையும் ஒரு பெரிய பையில் போட்டு மட்டக்களப்புக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். கொண்டக்டர் நல்ல மாதிரித்தான் கதைத்தார், பை ஒன்றுக்கு என்று காசும் வாங்கினார். நாங்கள் அவருடைய போன் நம்பரை வாங்கவில்லை, பையில் எங்கள் பெயரை எழுதவில்லை, மட்டக்களப்பில் பையை எடுத்து வைக்க ஒருவரையும் ஒழுங்கு செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். ஆறு நாள் நடந்து போய் விசாரித்தால் அப்படி ஒரு பையை யாருக்கும் தெரியாது. சின்னம்மாவின் பிரஷர்க் குளிசையில் பாதி அந்தப் பைக்குள் இருந்தது. நடக்கிற வழியிலேயே அவருடைய கைக்குளிசை முடிந்துபோனது, வாழைச்சேனையில் ஒரு பாமசியில் பெயரைச் சொல்லி வாங்கினோம். எனக்கு மருந்தின் பெயரும் அளவும் மனப்பாடம் என்பதால் சரியாகப் போனது. வேறு ஒரு அம்மாவாக இருந்திருந்தால்? பை இன்றைக்கு வரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான். முன்னால் அனுப்புகிற பைக்கு உள்ளேயும் வெளியேயும் பெயரும் இரண்டு போன் நம்பரும் துணியில் எழுதித் தைத்துவிடுவோம், காகிதம் ஒட்டினால் கிழிந்துவிடும். பஸ்ஸின் நம்பர்த் தகட்டையும் கொண்டக்டரின் நம்பரையும் போனில் எடுத்துக்கொள்வோம். போய்ச் சேருகிற ஊரில் பையை வாங்கி வைக்க ஒரு ஆள் இல்லாவிட்டால் அனுப்பவே மாட்டோம். 2023 இல் பொத்துவிலில் மச்சாளோடு படித்த ஒருவரின் வீட்டில் பையை இறக்கினோம், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையோடு சுடுதண்ணீரும் தயாராக இருந்தது.

இனிக் காட்டுத் துண்டு. இதுதான் நான் எழுத வந்ததன் முக்கியமான விஷயம்.

பொத்துவிலில் இருந்து பாணமை வரை றோட்டு இருக்கிறது. பாணமைதான் கடைசி ஊர், கடைசிக் கடை. வாங்க வேண்டியதை அதற்கு முதல் பொத்துவிலிலேயே வாங்கிவிடுவது நல்லது, யாத்திரைக் காலத்தில் பாணமையில் சாமான் கெதியாக முடிந்துவிடும். அங்கிருந்து உகந்தை மலை முருகன் கோயில். உகந்தை தாண்டினால் கூமுனைக் காடு, முந்தி யால கிழக்கு என்று சொன்னது, இப்போது குமண தேசியப் பூங்கா. பிறகு நம் ஆட்கள் குமுக்கன் ஆறு என்று சொல்கிற கும்புக்கன் ஆறு, அதைக் கடந்தால் யால. நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கிக் கதிர்காமம் போக ஐந்து நாள், ஆறு நாள். இந்தப் பாதையை வருஷத்தில் இரண்டு கிழமை அளவுக்குத்தான் திறக்கிறார்கள். வாசலில் பெயர் பதிந்துதான் உள்ளே விடுவார்கள், பிளாஸ்டிக் சாமான்களைப் பற்றியும் சொல்லித்தான் அனுப்புவார்கள். தண்ணீர் பவுசர்கள் வருகின்றன, சாப்பாடு கொடுக்கிற தொண்டர்களும் சில இடங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் அதை மட்டும் நம்பிப் போக முடியாது. நாங்கள் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, அவல், வறுத்த மா, கச்சான், பேரீச்சம்பழம், உப்பு என்று கட்டினோம். வாழைப்பழம் வேண்டாம். பழுத்த பழ வாசத்துக்கு யானை வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இருட்டில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

காட்டுக்குள் இரண்டாம் நாள் பாதையோரம் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. மரக்கொப்புகளில் சாமான் தொங்கியது. ஒரு எவர்சில்வர் அடுக்குச் சட்டி, மடிப்புக் கலையாத ஒரு சேலை, பிள்ளையின் சப்பாத்து ஒரு சோடி, ஒரு புது பெட்சீட். வீசி எறிந்த மாதிரி இல்லை. தூக்க முடியாதவர்கள், தேவையானவர்கள் எடுக்கட்டும் என்று பக்குவமாகக் கொழுவிவிட்டுப் போயிருந்தார்கள். காசு பணம் கூடியவர்கள் இல்லை அவர்கள், ஒவ்வொன்றும் வீட்டில் இருந்து நினைத்து நினைத்து எடுத்து வந்த சாமான். இவற்றில் முக்கால்வாசி காட்டுக்குள் தேவைப்படுகிறவை அல்ல. கதிர்காமத்தில் குளித்து மாற்றவும் திரும்பிப் போகிற பயணத்துக்கும் கொண்டுவந்தவை. வைக்க ஒரு இடம் இல்லாததால் காடு முழுக்கச் சுமந்து வந்து, முடியாமல் மரத்தில் விட்டுவிட்டார்கள்.

சின்னம்மாவின் பையிலும் அப்படி ஒன்று இருந்தது, வள்ளி அம்மனுக்குச் சாத்தவென்று எடுத்த சிவப்புப் பட்டு. பெட்டியோடு ஒரு கிலோ வரும். வியாழைக்குப் போகிற அன்று அவருக்கு மூச்சு வாங்கியது. பெட்டியை எறிந்துவிட்டு பட்டை மட்டும் எடுங்கள் என்றால் கேட்கவில்லை, கசங்கிப் போகும் என்றார். கடைசியில் அவருடைய தண்ணீரை நான் வாங்கினேன், என்னுடைய அரிசியை மச்சாள் வாங்கினா. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளிகிற வரைக்கும் சேலைத் தலைப்பை விரித்து வடித்துக் குடித்த நாள் அது. பட்டு கசங்காமல் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. மாணிக்க கங்கையில் இறங்கும்போது சின்னம்மாவின் இரண்டு தோளிலும் பட்டி அழுத்திய தடம் கறுத்துப்போய் இருந்தது.

இதற்கு ஒரு வழி செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேறு நாடுகளில் நெடுந்தூரம் நடக்கிறவர்களுக்கு இது எப்போதோ வந்துவிட்டது. ஸ்பெயினில் சந்தியாகோவுக்கு நடக்கிற கத்தோலிக்க யாத்திரிகர்களின் பையை அந்த நாட்டுத் தபால் சேவையே காலையில் ஒரு ஊரில் எடுத்து, பின்னேரம் அடுத்த ஊரில் இறக்கிக் கொடுக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். உகந்தையில் ஒரு கொட்டில், கதிர்காமத்தில் ஒரு கொட்டில், பைக்கு ஒரு நம்பர்ச் சீட்டு, ஆளிடம் அதே நம்பர்ச் சீட்டு. காட்டு வழி திறந்திருக்கிற நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு லொறி. உகந்தையில் இருந்து கதிர்காமத்துக்கு வாகனத்தில் போக பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று நூறு கிலோமீட்டரைத் தாண்டிச் சுற்ற வேண்டும், அதனால் டீசல் செலவு வரும், அதைப் பைக்கு இவ்வளவு என்று வாங்கினால் மனதாரக் கொடுப்போம். கோயில் நிர்வாகங்களோ பிரதேச சபைகளோ தொண்டர் அமைப்புகளோ யார் செய்தாலும் சரி. தண்ணீரும் சாப்பாடும் கொடுக்க இத்தனை பேர் முன்வருகிற யாத்திரையில் இதற்கு ஆள் கிடைக்காமல் போகாது. யாரும் கேட்கவில்லை, அதுதான் குறை.

இரண்டாவது வேண்டுகோள், காட்டு வழி திறக்கிற தேதியையும் மூடுகிற தேதியையும் கூடிய அளவு முன்னதாக அறிவியுங்கள். கொடியேற்றம் நிலாவைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் மாறும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், இரவு ரயிலில் இடம் பதிய வேண்டும். தேதி ஒன்றிரண்டு நாள் மாறினாலே துண்டு நடக்கிறவர்களின் கணக்கு முழுதும் கவிழ்ந்துவிடும். அந்த அறிவித்தலிலேயே கதிர்காமத்தில் இருந்து மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பஸ் நேரத்தையும் போட்டால் பெரிய உதவி. கடைசியாக நடந்த வருஷம் கதிர்காமத்தில் நாங்கள் மூன்று பேரிடம் கேட்டு மூன்று நேரம் கிடைத்தது. கடைசியில் வெல்லவாய வரை ஒரு பஸ்ஸில் போய், அங்கிருந்து எல்ல மலை ஏறி பண்டாரவளை, கண்டி, தம்புள்ளை என்று மாறி மாறி வவுனியா வந்து சேர ஒரு பகலும் ஒரு இரவும் போனது. தெற்கே ரயில் 2019 இல் பெலியத்தை வரைக்கும் வந்துவிட்டது, கதிர்காமம் வரை வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ லேசு, அது நடக்கிற காலத்தில் நடக்கட்டும்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் எங்களோடு காட்டை நடக்க வருகிறார்கள். மச்சாளும் நானும் அவர்களுடைய பைகளைக் கடை மெசினில் ஏற்றி இறக்கி 6 கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். சின்னம்மாவுக்கு இந்த முறை காடு வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உகந்தை வரை எங்களோடு வந்து, அங்கே முருகனைக் கும்பிட்டுவிட்டு, காட்டுக்குள் தேவைப்படாத சாமான் கட்டிய எங்கள் ஐந்து பேரின் பையையும் எடுத்துக்கொண்டு மொனராகலை வழியாக பஸ்ஸில் கதிர்காமம் போய்க் காத்திருப்பதாகச் சொல்கிறார். ஐந்து பைக்கும் துணியில் பெயர் எழுதித் தைத்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை எடுத்திருக்கிற பட்டு பச்சை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வவுனியா.